ஜானி ஏஸ்: சாவு விற்ற பாட்டா?

ரிதம் அண்ட் புளூஸ் என்பது முதலில் ஒரு வியாபாரப் பெயர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று ஒதுக்கித் தனிப் பட்டியல் போட்டு வந்தார்கள். 1949-இல் பில்போர்டு பத்திரிகை இந்தப் புதுப்பெயரை வைத்தது. பெயர்தான் மாறியது, பட்டியல் தனியாகவே இருந்தது. அந்தப் பட்டியலில் இரண்டரை வருஷம் ஓஹோவென்று இருந்துவிட்டு 25 வயதில் போய்ச் சேர்ந்தவர் ஜானி ஏஸ்.

இயற்பெயர் ஜான் மார்ஷல் அலெக்ஸாண்டர். 1929-இல் மெம்பிஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தவப் போதகர். கடற்படைக்குப் போய் வந்து, பி.பி. கிங் குழுவில் பியானோ வாசித்தார். 1952-இல் டியூக் என்ற சின்னக் கம்பெனிக்கு 'மை சாங்' பாடினார். ஒன்பது வாரம் அது முதலிடத்தில் நின்றது. ஹூஸ்டன் நகரத்து டான் ரோபி என்ற முதலாளி கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1953-இல் 'தி கிளாக்' பாட்டும் முதலிடம்.

அன்றைய பாடகர்கள் பலர் உரக்கக் கூவிப் பாடியவர்கள். இவரோ பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொல்வதுபோலப் பாடுவார். குரலில் பெரிய வித்தை கிடையாது. அந்த எளிமைதான் சரக்கு என்பேன்.

1954 டிசம்பர் 25. ஹூஸ்டன் சிட்டி ஆடிட்டோரியத்தில் கச்சேரி இடைவேளை. மேடைக்குப் பின்னால் கைத்துப்பாக்கியை வைத்து விளையாடியவர் தன்னையே சுட்டுக்கொண்டார். உயிரைப் பந்தயம் வைத்த சூதாட்டம் என்று கதை பரவியது. குண்டு இல்லாத அறை என்று நினைத்துத்தான் விசையை இழுத்தார் என்பது உடனிருந்தவர்கள் சொன்னது. மெம்பிஸில் நடந்த இறுதிச் சடங்குக்குச் சுமார் 5,000 பேர் வந்தார்கள்.

பிறகு நடந்த வியாபாரத்தைப் பாருங்கள். அந்த டிசம்பரிலேயே வெளிவந்திருந்த 'பிளெட்ஜிங் மை லவ்' 1955-இல் பத்து வாரம் முதலிடம். கம்பெனி உடனே நினைவு ஆல்பம் போட்டது. வேறொரு பாடகருக்கு 'படி ஏஸ்' என்று பெயர் சூட்டித் தட்டுப் போட்டது. ஓடுகிற கடையின் போர்டை யாராவது இறக்குவார்களா? அந்தப் பாட்டை எழுதியவர்கள் என்று ஃபெர்டினாண்ட் வாஷிங்டனோடு முதலாளி ரோபியின் பெயரும் பதிவாகியிருக்கிறது.

இதையெல்லாம் வைத்து, சாவுதான் பாட்டை விற்றது என்று பலர் எழுதுகிறார்கள். நான் கடைக்காரன், எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. 'மை சாங்'கும் 'தி கிளாக்'கும் உயிரோடு இருந்தபோதே முதலிடம் வந்தவை. அதோடு, அதே பாட்டை வெள்ளைக்காரப் பாடகி தெரேசா பிரூவர் பாடியதும் பொதுப் பட்டியலில் ஏறியது. அங்கே எந்தச் சாவு விற்றது? அனுதாபம் வேகத்தைக் கூட்டியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அனுதாபம் எத்தனை வருஷம் தாங்கும்? 1977 ஆகஸ்டில் எல்விஸ் பிரெஸ்லி இறந்தபோது கடைகளில் இருந்த அவருடைய புதுத் தட்டைத் திருப்பிப் போட்டால், மறுபக்கம் பிரெஸ்லியின் குரலில் 'பிளெட்ஜிங் மை லவ்'தான்.