கியூபாவின் மேல் எடுத்த 928 படங்கள்

1962 அக்டோபர் 14ஆம் தேதி அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் ஒன்று மேற்குக் கியூபாவின் மேல் சில நிமிடங்களே பறந்து 928 படங்களை எடுத்து வந்தது. இரண்டு நாள் கழித்து அவற்றில் சிலவற்றைப் பார்த்த அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட்டுக்கு, பண்ணைக்காகத் திருத்திய நிலம்போலத்தான் தெரிந்தது. உண்மையில் அது அணு ஏவுகணைத் தளம். படத்தைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் ஆட்சியாளருக்கு அது வெறும் காகிதம். படிப்பவரின் முன்முடிவோ அதைப் பொய்ச்சாட்சியாகவே மாற்றிவிடும்.

கியூபா படங்களைப் படித்தவர்கள் ஆர்தர் லண்டால் தலைமையிலான ஆய்வாளர்கள். விளக்கு மேசையில் படச்சுருளை விரித்து, கித்தான் போர்த்திய நீண்ட உருளைகளை அளந்தார்கள். ஏறத்தாழ 65 அடி. மாஸ்கோ அணிவகுப்புப் படங்களோடும், சோவியத் உளவு அதிகாரி ஒலெக் பென்கோவ்ஸ்கி ரகசியமாகத் தந்திருந்த கையேட்டோடும் ஒப்பிட்டார்கள். சுமார் 2,000 கிலோமீட்டர் பாயும் எஸ்எஸ்-4 ஏவுகணை என்று தெரிந்தது. அவை ஏவத் தயாராகவில்லை என்ற கணிப்புதான் கென்னடிக்கு யோசிக்க நாள் கொடுத்தது. முதலில் குண்டுவீச்சை நோக்கிச் சாய்ந்திருந்தவர், 22ஆம் தேதி கடல் முற்றுகையை அறிவித்தார். என் பார்வையில், அந்த நெருக்கடியில் படங்கள் செய்த மிகப் பெரிய உதவி இந்த அவகாசம்தான்.

அதே ஆய்வாளர்கள் தவறவிட்டதும் உண்டு. ஹவானாவுக்குத் தெற்கே பெஹுகாலில் அணுகுண்டு முனைகள் இருந்த கிடங்கு படத்தில் பதிந்திருந்தது. ஆனால் அணு ஆயுதம் என்றால் பல அடுக்கு வேலி இருக்கும் என்று எதிர்பார்த்த கண்ணுக்கு அங்கிருந்த எளிய காவல் பொருட்டாகப் படவில்லை. கியூபாவில் 40,000க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள். வாஷிங்டனின் மதிப்பீடு அதற்கு மிகக் கீழே இருந்தது. அந்தக் கணக்கை நம்பிப் படையெடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

இன்றைய செயற்கைக்கோள்கள் 30 சென்டிமீட்டர் பொருளைக்கூடக் காட்டுகின்றனவே, இனி இந்தக் குழப்பம் ஏது என்று கேட்கலாம். தெளிவு கூடியது உண்மை. ஆனால் லாரியின் வடிவம் தெரிவதால் அதில் ஏற்றியிருப்பது தெரிந்துவிடாது. 2003 பிப்ரவரி 5ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஈராக்கின் கிடங்குப் படங்களைக் காட்டினார். அருகில் நிற்பது நச்சு நீக்கும் வண்டி, ஆகவே உள்ளே இருப்பது ரசாயன ஆயுதம் என்றார். அம்புக்குறியும் பெயரும் போட்ட பிறகு, பார்ப்பவர் கண் வேறு விளக்கத்தைத் தேடுவதில்லை. ஒன்பது நாள் கழித்து ஐ.நா. ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், அந்தக் கிடங்கில் தெரிந்த நடமாட்டம் வழக்கமான பணியாகவும் இருக்கலாம் என்று அதே அவையில் சொன்னார். மார்ச்சில் போர் தொடங்கியது. பவல் சொன்ன ரசாயன ஆயுதக் குவியல்கள் அதன்பின் நடந்த தேடலில் அகப்படவே இல்லை.