புற்றில் பிறக்கும் இரு காளான்கள்

திண்டுக்கல் சமவெளி போன்ற செம்மண் நிலங்களில், நல்ல மழைக்குப் பின் கரையான் புற்றுகளை ஒட்டி முளைப்பவற்றையெல்லாம் மக்கள் புற்றுக்காளான் என்றே அழைத்தாலும், அவை அனைத்தும் ஒரே இனம் அல்ல. அவற்றுள் டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஹைமி, மைக்ரோகார்பஸ் ஆகிய இரண்டும் நெருங்கிய உறவுடையவை. எனினும் அவை நிலத்தடியிலிருந்து வெளிவரும் வழி வேறாக இருப்பதால் உருவமும் வேறாக அமைந்துள்ளது.

இரண்டும் வளர்வது புற்றின் உள்ளேதான். கரையான்கள் உதிர்ந்த இலைகளையும் காய்ந்த மரத்துணுக்குகளையும் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைக்கொண்டு நிலத்தடி அறைகளில் பஞ்சு போன்ற துளைகள் நிறைந்த அடுக்குகளை அமைக்கின்றன. ‘பூஞ்சைத் தோட்டம்’ எனப்படும் இவ்வடுக்குகளில் படரும் காளான் இழைகள் கடினமான மரநாரைச் சிதைத்துக் கொடுக்க, அந்த இழைகளில் திரளும் வெண்மணிகளையும் பக்குவமடைந்த பழைய அடுக்குகளையும் கரையான்கள் உணவாகக் கொள்கின்றன.

ஹைமி இத்தோட்டத்திலிருந்து தானே மண்ணைத் துளைத்து மேலெழுகிறது. அதற்கென, ‘பொய்வேர்’ எனப்படும் வேர் போன்ற நீண்ட அடித்தண்டு ஒன்று தோட்டத்தையும் நிலமட்டத்தையும் இணைக்கிறது. குடையின் நடுவே கெட்டியான குமிழ் ஒன்று புடைத்து நிற்கிறது. வெண்ணிறக் குடையில் அக்குமிழ் மட்டும் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரியும். தண்டில் தடித்த வளையம் உண்டு. விரிந்த குடை உள்ளங்கை அளவு இருக்கும்.

மைக்ரோகார்பஸுக்கு அந்த உழைப்பு இல்லை. வேலைக்காரக் கரையான்கள் தோட்டத் துணுக்குகளை வெளியே சுமந்து வந்து மண்மேல் மெல்லியதாகப் பரப்ப, அவற்றிலிருந்தே அது முளைக்கிறது. ஆகவே அதற்கு ஆழமான பொய்வேரும் இல்லை, வளையமும் இல்லை. ஏறத்தாழ 2 செ.மீ. அகலமே உள்ள சிறு குடைகள் நூற்றுக்கணக்கில் தரையை மூடி நிற்கும்.

இச்சிறு காளானை இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரிகளைக்கொண்டு பெர்க்லி, புரூம் ஆகிய ஆங்கிலேய அறிஞர்கள் 1871-இல் விவரித்தனர். பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942-இல் டெர்மிட்டோமைசிஸ் பேரினத்தை வகுத்தார். தென்னிந்தியக் காளான்களை ஆராய்ந்த கே. நடராஜன் 1979-இல் பெரிய காளானுக்கு ஹைமின் பெயரைச் சூட்டினார்.

இரண்டும் உண்ணத்தக்கவையே. ஆயினும் நச்சுக்காளான்களும் அதே மழையில் முளைப்பதால், இனம் உறுதியாகத் தெரியாத காளானை உண்ணலாகாது. கரையானின் துணையின்றி இவற்றைச் சிப்பிக்காளான் போலக் குடிலில் வளர்த்தெடுக்க முடியாமையால், வயலோரப் புற்றை இடிப்பதும் நஞ்சூற்றி அழிப்பதும் அந்நிலத்தின் காளான் விளைச்சலையே அழிப்பதாகும்.