மீனைக் கடைசியில் வாங்குங்கள்

சென்னை கொளத்தூர் பக்கம் வண்ணமீன் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். வெள்ளை உடம்பில் செந்திட்டோடு விரல் நீளக் கோய் குஞ்சுகள் தொட்டி விளிம்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ‘நாலு கொடுங்க’ என்று சொல்லிவிடத் தோன்றும். இன்னும் குளம் வெட்டாதவர் அன்று வெறுங்கையோடு திரும்புவதே நல்லது. கோய் குளத்துக்கான வேலைகளில் மீன் வாங்குவதுதான் கடைசி.

காரணம் அதன் வளர்த்தி. கோய் ஒரு கெண்டை. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த சாதாக் கெண்டைக்கு நெருங்கிய உறவு. ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமங்களில் சாப்பாட்டுக்காகக் கெண்டை வளர்த்த விவசாயிகள், எப்போதாவது நிறத்தோடு பிறந்தவற்றைத் தனியே எடுத்துப் பெருக்கியதில் வந்த வகை இது. 1914 டோக்கியோ கண்காட்சியில் வைத்த பிறகுதான் அதன் புகழ் மலையை விட்டு இறங்கியது. கடையில் பார்த்த குஞ்சு சில ஆண்டுகளில் இரண்டடியைத் தொடும். 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். பழைய 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி அதற்குக் காணாது.

முதல் குளத்துக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி, வருவதை ஆயிரத்தால் பெருக்கினால் 7,200 லிட்டர். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஆக, ஆறு ஏழு மீன். இடம் பற்றாவிட்டால் நீளத்தில் கொஞ்சம் குறையுங்கள், ஆழத்தில் கைவைக்காதீர்கள். மே மாத வெயிலில் மேல்தண்ணீர் சுடும்போது மீன் ஒதுங்குவதற்கு அடியில் இடம் வேண்டும். ஆனால் வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இந்த ஆழமே ஆபத்து. வேலி போட்ட பிறகே தண்ணீர் விடுங்கள்.

காலை வெயில் பட்டு, மதியத்துக்கு மேல் வீட்டு நிழல் விழுகிற பக்கம் சரியான இடம். மரத்தடி வேண்டாம், சருகு விழுந்து அழுகும், வேர் சுவரைப் பிளக்கும். கரையை அரையடி உயர்த்திக் கட்டாவிட்டால் ஐப்பசி மழையில் தோட்டத்து உரமும் சேறும் உள்ளே வரும்.

சிமெண்டில் கட்டுவதானால் அவசரம் ஆகாது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும். மீனுக்கு அது எரிச்சல். தண்ணீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்புங்கள். வாழைத்தண்டு வெட்டிப்போட்டு ஊறவைக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. எப்படிச் செய்தாலும் கடைசியில் பிஎச் சோதித்து, 8.5க்குக் கீழே நின்றால்தான் அடுத்த வேலை. பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் கனத்த ஷீட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கும், கரையில் மடிக்க 60 சென்டிமீட்டரும் கூட்டுங்கள், அகலத்துக்கும் அப்படியே. நம் குளத்துக்கு 6 மீட்டருக்கு 5 மீட்டர் ஷீட் போதும்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். கோய் குளிர்ந்த நாட்டு மீன். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடுகிறது. தண்ணீர் பச்சையாக இருந்தால் பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் தானும் எடுத்துக்கொள்ளும். மூச்சுத்திணறல் பெரும்பாலும் விடியற்காலையில் வருவது இதனால்தான். ராத்திரி நன்றாக நீந்திய மீன் காலையில் மிதப்பதைப் பார்த்து, யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டைச் சந்தேகிக்கிறவர்களும் உண்டு. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். மின்சாரம் போனால் ஓட இன்வெர்ட்டர் இணைப்போ, பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்போ கட்டாயம். செயற்கை நீர்வீழ்ச்சியெல்லாம் அப்புறம்.

தண்ணீர் மோட்டார், குளத்து நீர் முழுவதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டர் வழியாகச் சுற்றவைக்க வேண்டும். மணிக்கு 4,000 லிட்டர் தள்ளும் மோட்டார் போதும். 60 வாட் என்றால் மாதம் 43 யூனிட். தண்ணீருக்குள் மின்சாரம் என்பதால் கசிவு வந்தால் துண்டிக்கும் கருவியை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பொருத்துங்கள்.

ஃபில்டர் அழுக்கைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கும் தீனி வேண்டும் என்பதால், மீன் இல்லாத குளத்தில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு மோட்டாரை ஓடவிடுங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை பொறுமை. பஞ்சைக் கழுவும்போது குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டால் வளர்த்த பாக்டீரியா செத்துவிடும்.

இப்போது கடைக்குப் போகலாம், இரண்டே மீனுக்கு. தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்து, புண்ணோ வெண்புள்ளியோ இல்லையென்றால் குளத்தில் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவே தீவனம். மீதி மீன்கள் இரண்டு மாதம் கழித்து வரட்டும். குஞ்சுகள் பெரிதாகும்வரை குளத்தின் மேல் வலை கட்டிவிடுங்கள். இடம் தெரிந்துகொண்ட மீன்கொத்தி தினமும் அதே நேரத்துக்கு வரும்.