திரும்பி வர அணி எங்கே?

2015 ஜூனில் ரிச் ஹில்லை அவருடைய கழகம் விடுவித்தது. அமெரிக்க பேஸ்போலில் இடதுகைப் பிட்ச்சர். வயது 35. வோஷிங்டன் கழகத்தின் கீழ்நிலைக் கிளை அணியில் எறிந்துகொண்டிருந்தவர், அதையும் இழந்தார். சில வாரம் கழித்து லோங் ஐலண்ட் டக்ஸ் என்ற அணிக்குப் போனார். பெரிய கழகம் எதனோடும் ஒட்டாத தனி லீக் ஒன்றில் ஆடுகிற, உள்ளூர்க்காரர்கள் பிள்ளை குட்டிகளோடு வந்து பார்க்கிற அணி அது. அங்கே இரண்டே ஆட்டங்கள் எறிந்தார். பொஸ்டன் கழகம் கூப்பிட்டது. செப்டெம்பரில் நான்கு ஆட்டங்களில் 36 ஸ்ட்ரைக்-அவுட். அடுத்த பருவத்துக்கு ஓக்லண்ட் 60 இலட்சம் டொலர் கொடுத்தது. 2016 முடிவதற்குள் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு 4 கோடி 80 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் போட்டது.

'திரும்பி வந்த பந்துவீச்சாளர்கள்' என்று தலைப்பைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். விற்கக்கூடிய தலைப்புதான். வைராக்கியம், கண்ணீர், கைதட்டல் என்று மூன்று பக்கத்தை நிரப்பிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பதுளையில் இருந்துகொண்டு ஹில்லின் கதையைப் படிக்கிறவனுக்கு அவருடைய வைராக்கியத்தைவிட அந்த டக்ஸ் அணிதான் கண்ணை உறுத்துகிறது. வைராக்கியத்துக்கு இங்கேயும் குறைச்சல் இல்லை. டக்ஸ் இல்லை.

நம் பக்கத்திலிருந்து அமெரிக்கா போன பிட்ச்சர் ஒருவர் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங். லொறிச் சாரதியின் மகன், பள்ளியில் ஈட்டி எறிந்தவர். 2008இல் இந்தியாவில் நடந்த தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஆயிரக்கணக்கானோரைத் தாண்டி ஒரு இலட்சம் டொலர் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் அவரையும் தினேஷ் பட்டேலையும் பிட்ஸ்பேர்க் கழகம் ஒப்பந்தம் செய்தது. அந்தத் தொலைக்காட்சிப் போட்டிக்கு முன் இருவரும் பேஸ்போல் ஆடியதே இல்லை. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 2014இல் வந்த 'மில்லியன் டொலர் ஆர்ம்' படம் இவர்கள் கதைதான். படம் சுபமாக முடிகிறது. நிஜத்தில் பட்டேலை 2010இல் விடுவித்துவிட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பினார். ரிங்கு கீழ்நிலை லீக்குகளில் நின்று பிடித்தார். பிறகு முழங்கை போனது, சத்திரசிகிச்சை, பருவம் பருவமாக ஓய்வு. எழுந்து வந்தபோது அவுஸ்திரேலிய லீக்கின் அடிலெய்ட் அணி இடம் கொடுத்தது. மேஜர் லீக்கை அவர் எட்டவில்லை. 2018இல் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். ஆனால் விழுந்த பிறகும் ஒருமுறை எறிந்து பார்க்க அவருக்கு ஒரு மைதானம் கிடைத்தது.

அந்த முழங்கைச் சத்திரசிகிச்சைக்கே ஒரு பிட்ச்சரின் பெயர்தான். 1974இல் டொட்ஜர்ஸ் வீரர் டொமி ஜோனின் இடது முழங்கையில், அவருடைய வலது கையிலிருந்து எடுத்த தசைநாணை வைத்துத் தைத்தார் வைத்தியர் பிராங்க் ஜோப். 1975 முழுக்க ஜோன் ஆடவில்லை. 1976இல் திரும்பியவர் 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்தத் தையலுக்குப் பிறகு வந்தவை. எறியாமல் இருந்த அந்த ஓராண்டு அவர் வீட்டில் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. இங்கே பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையனின் விடயத்தில் நான் மறுபடி மறுபடி போய் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இலங்கையிலும் பேஸ்போல் இருக்கிறது. தேசிய அணி இருக்கிறது, தியகமவில் ஜப்பான் உதவியில் கட்டிய மைதானம் இருக்கிறது. சம்பளம் கொடுக்கும் லீக் இல்லை. ஆகவே நம் 'பிட்ச்சர்' கிரிக்கெட்டில்தான் இருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் நன்றாகவே தெரியும்: சேலம் சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜன்.

யோர்க்கர் நடராஜனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் யோர்க்கரை விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது 2015இல் அவருக்கு நடந்தது. இருபது வயதுவரை டெனிஸ் பந்தில் ஆடியவர், சென்னை போய் நான்காம் டிவிஷன் கழகப் போட்டிகளில் தொடங்கி, முதலாம் டிவிஷனில் ஜொலி ரோவர்ஸ் வரை ஏறினார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக வங்காளத்துக்கு எதிராக முதல் ரஞ்சி ஆட்டம். அதோடு பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று புகார். எறிகிறான் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பந்துவீச்சாளனின் கதை பாதிக்கு மேல் முடிந்தது. ஊருக்கு பஸ் ஏறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் ஏறவில்லை என்று மட்டும் எழுதிவிட்டால் அது பாதிக் கதை. சென்னையில் அவரை உட்காரவைத்துக் கையைத் திருத்திக் கொடுக்கப் பயிற்றுவிப்பாளர்கள் இருந்தார்கள். திருத்திய கையைச் சோதித்துப் பார்க்கக் கழக ஆட்டங்கள் இருந்தன. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியதும் திண்டுக்கல் டிராகன்ஸ் அணி அவரை எடுத்தது. தூத்துக்குடி அணிக்கு எதிரான சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் காலடியில் விழுந்தன. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 இலட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். பிறகு முழங்கைக் காயம். அடுத்த அணியான ஹைதராபாத்தில் 2018, 2019 இரண்டு பருவமும் ஓர் ஆட்டம் கூட இல்லை. ஆடாத இரண்டு ஆண்டும் அவரை அணி வைத்திருந்தது. 2020இல் 16 விக்கெட். வலைப்பந்துவீச்சாளராக அவுஸ்திரேலியா போனவர் அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்துவிட்டு வந்தார்.

தூரத்தைக் காரணம் சொல்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. சேலத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில் பாதை ஏறத்தாழ 290. நடராஜன் நம் பையன்களைவிடத் தூரத்திலிருந்துதான் போனார். அவர் போய் இறங்கிய இடத்தில் அடிமட்டத்திலும் ஆட ஒரு டிவிஷன் இருந்தது. நம் பக்கம் டிவிசன் என்றால் தோட்டத்தின் மேல் டிவிசன், கீழ் டிவிசன்தான்.

பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளை என்று எந்தத் தோட்டத்துக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கோ தீபாவளிக்கோ போய்ப் பாருங்கள். கொழும்பிலிருந்து பையன்கள் வந்து இறங்கியிருப்பார்கள். மைதானம் என்று சொல்லப்படுகிற இடத்தில் ஒரு பக்கம் லயம், மறுபக்கம் தேயிலை. மிட் விக்கெட் பக்கம் தட்டினால் பந்து மூன்றாம் நம்பர் மலைக்குள் போய்விடும். ஒலிபெருக்கி, அச்சடித்த ஜேர்சி, ஐந்து ஓவர் சொப்ட்போல் ஆட்டம். அங்கே கட்டாயம் ஒருவன் இருப்பான். நாலே எட்டில் ஓடிவந்து, ஈரப் புல்லில் சறுக்காமல், மட்டைக்காரன் அசையுமுன் ஸ்டம்பைச் சாய்ப்பான். "இவன் மட்டும் கொழும்பில பிறந்திருந்தா..." என்று ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தை யாரும் முடித்து நான் கேட்டதில்லை.

அவன் கையில் இருக்கும் டெனிஸ் பந்து 58 கிராம் அளவில் இருக்கும். லெதர் பந்து 156 கிராமுக்குக் குறையாது. ஏறத்தாழ மூன்று மடங்கு. பதினெட்டு வயதுவரை முதலாவதையே எறிந்து பழகிய தோளில் திடீரென்று இரண்டாவதைக் கொடுத்து "வேகமாகப் போடு" என்றால் தோள் என்ன செய்யும்? பாடசாலைக் காலத்திலேயே லெதர் பந்தில் பழகியிருக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அதற்கு மெட்டிங் இல்லை, வலை இல்லை, பழக்க ஆளும் இல்லை. தேயிலைத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய்க்கும் 2024இல் 1,350 ரூபாய்க்கும் வந்தது. நல்ல லெதர் பந்து ஒன்றுக்கு அது போதவில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர் என்று பாதிச் சம்பளம்தான்.

பதுளை இருக்கிற ஊவா மாகாணத்துக்கென்று ஓர் அணி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. 2012இல் நடந்த ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்கில் மாகாணங்களை ஒட்டி ஏழு அணிகள். அதில் 'ஊவா நெக்ஸ்ட்'. ஓகஸ்ட் 31ஆம் திகதி ஆர்.பிரேமதாச மைதானத்தில் இறுதியாட்டத்தில் நாகெனஹிர அணியை வென்று கிண்ணத்தையும் எடுத்தது. ஒக்டோபரில் தென்னாபிரிக்காவில் சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கும் போய் யோர்க்‌ஷயரிடம் தோற்றுத் திரும்பியது. ஊவா என்ற பெயர் ஜொகன்னஸ்பேர்க் வரை போனது, ஊவாவுக்குத்தான் வரவில்லை. தொடரின் ஆட்டங்கள் எல்லாம் கொழும்பிலும் பல்லேகலவிலும். பதுளையில் ஒரு பந்துகூடப் போடப்படவில்லை. 2013 தொடர் கைவிடப்பட்டது, அணியும் போயிற்று. 2020இல் லங்கா பிரீமியர் லீக் வந்தபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய பெயர்களில் அணிகள் வந்தன. ஊவா இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தின் பெயரில் அணி வந்த முதல் ஆண்டிலேயே யாழ். மத்திய கல்லூரி மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்த் அதில் பந்து போட்டார். 2024 மே மாதம் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத்துக்காகவும் போட்டார். அணி இருந்தால் எல்லோரும் வியாஸ்காந்த் ஆகிவிட மாட்டார்கள். அணியே இல்லாத இடத்தில் அந்த ஒருவரும் வரமாட்டார்.

முத்தையா முரளிதரனைக் காட்டி, திறமை இருந்தால் தானாக மேலே வரும் என்பார்கள் சிலர். முரளியின் பாட்டனார் திருச்சியிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர் என்பது உண்மைதான். ஆனால் முரளி வந்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானத்திலிருந்து. வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பையனைப் பதினான்கு வயதில் சுழலுக்கு மாற்ற அங்கே ஒரு பயிற்றுவிப்பாளர் இருந்தார். பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கழகம். 1995 டிசெம்பர் 26இல் மெல்பேர்னில் 'நோ போல்' என்று கை நீட்டப்பட்டபோது அவர் பின்னால் ஒரு நாட்டின் சபையே நின்றது. பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் அவர் கையை அளந்து சான்று கொடுத்தன. நம் பையனின் கையை அளக்க யார் இருக்கிறார்கள்?

சீருடை ஒரு வழி. அஜந்த மெண்டிஸை இராணுவக் கழகம்தான் வளர்த்தது. 2008 ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த நெடுந்தூர ஓட்டவீரர் குமார் சண்முகேஸ்வரனும் இராணுவத்திலிருந்து ஓடியவர்தான். மாதச் சம்பளமும் பயிற்சியும் காயத்துக்கு மருந்தும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஏற்பாடு இங்கே வேறெங்கும் எளிதில் அமைவதில்லை. தோட்டத்துத் தாய் எத்தனை பேர் பிள்ளையை அங்கே அனுப்பச் சம்மதிப்பார் என்பது வேறு கதை. அதை இங்கே திறக்கவில்லை.

மற்றவர்களுக்கு நடப்பதை எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். சாதாரண தரப் பரீட்சை முடிகிறது. தோள் வலி ஏற்கெனவே இருக்கிறது; எண்ணெய் தேய்த்து, கட்டுப் போட்டு, வேப்பிலை ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அம்மாவுக்கு ஒரு நாள் பேர் போகும். வலி குறையுமட்டும் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். சும்மா இருக்கிற பிள்ளையை வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பது? தெரிந்தவர் ஒருவர் கொழும்பு புறக்கோட்டையில் கடை ஒன்றில் சொல்லி வைத்திருக்கிறார். "கடைக்குப் போயிட்டான்" என்ற இரண்டு சொல்லில் ஒரு வேகப்பந்துவீச்சாளனின் கதை முடிகிறது. அந்தக் கடையிலிருந்து பெரிய கழகங்களின் மைதானங்கள் அதிக தூரம் இல்லை. ஆனால் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை மூட்டை தூக்குகிறவனுக்கு வலைப்பயிற்சி எந்த நேரத்தில்?

படிப்பை விட்டுப் பந்தைப் பிடிக்கச் சொல்கிறாயா என்று ஆசிரியர்கள் கோபப்படுவார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. நான் கேட்பது அவ்வளவு பெரிதில்லை. பதுளை மாவட்டத்துக்கு இரண்டு தரமாக ஞாயிறு லெதர் பந்து லீக் ஒன்று வேண்டும். மேல் தரத்தில் சறுக்கியவன் கீழ் தரத்தில் இறங்கி நின்று, மறுபருவம் வேறோர் அணியின் ஜேர்சியில் ஏறி வரட்டும். தனித்தனித் தோட்ட அணிகள் தேவையில்லை. பசறைப் பக்கத்துக்கு ஒன்று, அப்புத்தளைப் பக்கத்துக்கு ஒன்று, பண்டாரவளைக்கு ஒன்று என்று பிரதேச அணிகள் போதும். மாதத்தில் ஒரு நாள் தோளையும் முழங்கையையும் பார்க்க ஓர் இயன்மருத்துவர் வரட்டும்.

இதை எழுதுவது கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பழைய தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத்தான். சித்திரைக்குச் சித்திரை ஜேர்சிக்கும் கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு அனுப்புகிறீர்கள். அடுத்த சித்திரைக்கு ஜேர்சி வேண்டாம். அந்தக் காசில் உங்கள் பிரதேசத்துக்கு ஒரு மெட்டிங் வாங்குங்கள், மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமை பஸ் காசாகக் கொடுங்கள். போன வருடம் உங்கள் தோட்டத்துக்கு வேகமாகப் பந்து போட்ட பையன் இப்போது எந்தக் கடையில் இருக்கிறான் என்றும் ஒரு தொலைபேசி போட்டுக் கேளுங்கள்.