எல்லை தாண்டும் சக்கரங்கள் – 9: நீலத் தூணும் டிரைவரின் பொறுப்பும்

ஜெர்மனியின் மத்திய நெடுஞ்சாலைகளில் ஆங்காங்கே நான்கு மீட்டர் உயர நீலத் தூண்கள் நிற்கும். வேக கேமரா என்று நினைத்துச் சட்டென்று பிரேக் போடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்தத் தூண் வேகத்தை அளப்பதே இல்லை. 2018 ஜூலையில் இந்தச் சாலைகள் அனைத்துக்கும் லாரிச் சுங்கம் நீட்டிக்கப்பட்டபோது வந்தவை இவை. கடந்துபோகும் லாரி சுங்கம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அதில் பதியும் விவரத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம்.

வேகத்தைப் பிடிக்கும் கேமராக்கள் தனி. முன்னறிவிப்புப் பலகை இல்லாமலும் அவை இருக்கும். பிரான்சின் மோட்டார் சாலைகளில் 90 கிலோமீட்டரில் வரும் கனரக லாரி, ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் ஆட்டோபானில் ஏறியதும் 80க்கு இறங்க வேண்டும். ஆட்டோபானை விட்டு ஊருக்கு வெளியே சாதாரண இருவழிச் சாலைக்கு வந்தால், 7.5 டன்னைத் தாண்டிய வண்டிக்கு 60தான். கார்களுக்கு வேக உச்சவரம்பே இல்லாத நாடு என்று கேள்விப்பட்டு வருகிறவருக்கு இது பெரிய மாற்றம்.

சுங்கத்துக்குச் சாவடி கிடையாது, தடுப்புக் கட்டையும் கிடையாது. 2005 ஜனவரி 1 அன்று 12 டன் முதலான லாரிகளுக்குத் தொடங்கிய முறை, 2024 ஜூலையிலிருந்து 3.5 டன்னைத் தாண்டிய சரக்கு வண்டிகளுக்கும் வந்துவிட்டது. முன்கண்ணாடி அருகே இருக்கும் பெட்டி, செயற்கைக்கோள் உதவியால் தூரத்தைக் கணக்கிடும். ஆனால் எத்தனை அச்சு என்பதை டிரைவர்தான் பதிய வேண்டும். வழியில் டிரெய்லரை மாட்டிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால் அது விதிமீறல்.

லாரிகள் தாம் தேய்க்கும் சாலைக்குப் பணம் கட்டுவது நியாயம் என்றே நினைக்கிறேன். என்னை உறுத்துவது வேறு. ஜெர்மானியச் சட்டப்படி சுங்கக் கடன் முதலாளி மேல் மட்டும் விழுவதில்லை. வண்டியை ஓட்டுகிறவரும் கடன்காரர். வேக அபராதமும் ஓட்டியவருக்கே. அதனால்தான் கேமரா முகத்தையும் படம் பிடிக்கிறது. உள்நாட்டில் முகவரி இல்லாதவரிடம் சாலையிலேயே பிணைத்தொகை கேட்கலாம்.

அந்த முகவரி இல்லாதவர்கள் யார்? 2023 வசந்தத்தில், டார்ம்ஸ்டாட் அருகே கிராஃபென்ஹவுசன் ஓய்விடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட லாரிகள் வாரக்கணக்கில் நகராமல் நின்றன. ஓட்டியவர்களில் பலர் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டினர். வண்டியும் வேலையும் ஒரு போலந்து முதலாளியுடையவை. சம்பளம் மட்டும் வரவில்லை. அந்த லாரிகள் ஜெர்மனியின் சுங்கச் சாலைகளில் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுங்கக் கணக்கு இருந்தது. சம்பளக் கணக்கைத் தீர்க்க, அவர்கள் ஏப்ரல் இறுதிவரை வண்டியிலேயே படுத்துப் போராட வேண்டியிருந்தது. சுங்கக் கடன்காரர் பட்டியலிலிருந்து கூலிக்கு ஓட்டுகிறவரை நீக்குங்கள் என்று நான் கேட்பது இவர்களை மனத்தில் வைத்துத்தான்.

(தொடரும்)