படங்காட்டிப் பேசுதல்



எங்கள் தெமோதரைப் புகையிரத நிலையத்தை முன்பின் கண்டிராத ஒருவருக்கு வாய்ச்சொல்லால் மட்டும் விளக்க நீங்கள் எப்போதேனும் முயன்றதுண்டா? எல்லவிலிருந்து வரும் வண்டி நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழிறங்கி, சற்று முன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்திற்குள் நுழைந்து, பதுளையை நோக்கிச் செல்லும். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "நிலையத்துக்கு அடியிலா? அப்படியானால் அங்கே இரண்டு நிலையங்களா?" என்று கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் இன்னும் பெருகும். மலைநாட்டுப் பாதையில் நாற்பத்து நான்கு அடி செல்லும்போது ஓரடிக்கு மேல் ஏற்ற இறக்கம் இருத்தல் ஆகாது என்பது அக்காலப் பொறியியலாளர் வகுத்துக்கொண்ட அளவு. அடுத்த பாதையோ ஏறத்தாழ நூறு அடி பள்ளத்தில் இருந்தது. நேரே இறங்க வழியில்லை; ஆகவே சுற்றி இறங்கினார்கள். 1924ஆம் ஆண்டில் பாதை பதுளையை எட்டியது.

இப்போது ஒரு சால்வையையோ துவாயையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கை முட்டியை மலையாக நிறுத்தி, துணியின் ஒரு நுனியை அதன் மேற்பக்கத்தில் வைத்துச் சரிவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். துணி தொடங்கிய இடத்துக்கு நேர் கீழே வந்து சேர்கிறதல்லவா? அவ்வளவுதான் தெமோதரை. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தே பொறியியலாளருக்கு இந்த உபாயம் தோன்றிற்று என்று எங்கள் ஊரில் நெடுங்காலமாக ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அந்தத் தலைப்பாகை நல்லதொரு விளக்கப்படம்.

வானொலியில் நான் உங்களுக்குப் படம் எதனையும் காட்ட இயலாது. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் படங்காட்டிப் பேசுதல்தான். பாடசாலைகளில் இதனை முன்வைப்பு என்கிறோம். கணினியில் படவில்லைகளைத் தயாரித்துத் திரையில் ஒளிபாய்ச்சி, அதன் அருகில் நின்று பேசுவது. படவில்லை என்பது நீங்கள் ஸ்லைட் என்று சொல்லும் அதே பொருள்தான். முற்காலத்தில் கண்ணாடித் தகட்டில் தீட்டிய படத்தை விளக்கின்முன் வைத்துக் காட்டினார்கள். 1987இல் இதற்கென்றே பவர்பொயின்ட் என்னும் கணினிச் செயலி வெளிவந்தது. அது முதல் படம் செய்வது எளிதாயிற்று. எளிதானதே பெருந்தொல்லையும் ஆயிற்று.

என் சொந்தக் குற்றத்தையே முதலிற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் கருத்தரங்கொன்றில் பேச அழைக்கப்பட்டேன். நாற்பது நிமிடங்களுக்கு முப்பத்தெட்டுப் படவில்லைகள்! ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு வரிகள். மறந்துவிடுவேனோ என்ற அச்சத்தில் பேச வேண்டியதனைத்தையும் எழுதிவைத்து, திரையைப் பார்த்து ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். முடித்துத் திரும்பிப் பார்த்தால், சபையில் மூவர் குறிப்பெழுதிக்கொண்டிருந்தனர். மற்றையோர் யன்னலுக்கு வெளியே மழையை ரசித்துக்கொண்டிருந்தனர். தேநீர் வேளையில் ஓர் இளம் ஆசிரியர் மிகுந்த மரியாதையோடு, "சேர், இதைத் தாளில் அச்சடித்துத் தந்திருந்தால் நாங்களே வாசித்திருப்போமே, நீங்கள் இவ்வளவு தூரம் அலைந்திருக்க வேண்டியதில்லையே" என்றார். அன்று அது சுட்டது. பின்னர் எண்ணிப் பார்க்கையில், அவர் சொன்னதில் ஒரு முழு இலக்கணமே அடங்கியிருந்ததை உணர்ந்தேன். திரையில் உள்ளதையே வாயும் சொல்லுமானால் இரண்டில் ஒன்று வீண். அதுமட்டுமன்று. வாசிப்பவன் வேகம் வேறு, பேசுபவன் வேகம் வேறு. ஒரே வசனத்தைக் கண் முன்னோடி வாசிக்கையில் காது பின்னால் கேட்டுக்கொண்டிருந்தால் மனம் இரண்டிலும் நிற்பதில்லை.

இது கேட்போருக்குச் சலிப்பூட்டுவதோடு முடிகிற குற்றம் என எண்ண வேண்டாம். 2003ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி அமெரிக்காவிலிருந்து கொலம்பியா விண்ணோடம் மேலெழுந்தபோது, எரிபொருட்கலத்தின் மேலிருந்த நுரைக் காப்பில் ஒரு துண்டு பெயர்ந்து இடது சிறகில் மோதியது. ஓடம் வானில் இருக்கையிலேயே பொறியியலாளர்கள் அதனை ஆராய்ந்து, அதிகாரிகளுக்குப் படவில்லைகளைக் கொண்டு விளக்கினார்கள். அவற்றுள் ஒன்று பின்னர் உலகப் பிரசித்தி பெற்றது. அதன் தலைப்பு ஆறுதல் அளிப்பதாக இருந்தது. கீழே வரியின் கீழ் வரியாக, எழுத்துச் சிறுத்துக்கொண்டே போயிற்று. அடியிலே, எல்லாவற்றிலும் சிறிய எழுத்தில் ஒரு செய்தி இருந்தது. சோதனை செய்து பார்த்த துண்டுகளின் கன அளவு 3 கன அங்குலம். ஓடத்தில் மோதிய துண்டோ 1920 கன அங்குலம் என்பதே அது. அறுநூற்று நாற்பது மடங்கு! அதாவது, சோதனை இந்த மோதலுக்குப் பொருந்தவே பொருந்தாது. தலைப்பில் நின்றிருக்க வேண்டிய செய்தி அடிவரியில் ஒளிந்துகொண்டது. பெப்ரவரி முதலாந் திகதி, திரும்பி வரும் வழியில் ஓடம் சிதறியது. இந்தியாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். அப்படவில்லை ஒன்றே ஏழு உயிர்களைக் குடித்தது என்பது மிகை, காரணங்கள் பல. ஆயினும், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் வெளிவந்த விசாரணைச் சபையின் அறிக்கை இந்தப் படவில்லையைத் தனியே எடுத்துக் காட்டிக் கண்டித்தது.

ஆகவே, என் மாணவருக்கு நான் முதலிற் சொல்வது, கணினியைத் திறக்காதீர்கள் என்பதே. கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தம் தாயிடம் எந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டுமென விரும்புகிறாய்? அதை ஒரு வசனமாக எழுது. பிறகு, வாயாற் சொல்ல முடியாதது எதுவோ, அதற்கு மட்டும் படம் செய். எழுத்தின் பருமன் எவ்வளவு என்று கேட்டால், கடைசி வாங்கில் அமர்ந்து நீயே வாசித்துப் பார் என்பேன். பறக்கும் எழுத்து, சுழலும் பூ முதலிய அலங்காரங்களைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்க விரும்பவில்லை. மின்சாரம் நின்றால் படமின்றியும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மழைக்காலத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பேச்சுத் துணிவு என்பது இதனினும் கடினமானது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வீட்டிலே வாய் ஓயாமற் கதைப்பார்கள். மேடையேறியதும் தரையை நோக்குவார்கள். பெரியவர்முன் தலைநிமிர்ந்து பேசுவது மரியாதைக் குறைவு என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய வழக்கம் அது. அதனைக் கோழைத்தனம் என்று ஏசும் ஆசிரியரோடு நான் உடன்படுவதில்லை. முதல் மூன்று வசனங்களை மட்டும் மனனஞ் செய்யச் சொல்வேன். நடுக்கம் பெரும்பாலும் அந்த மூன்று வசனங்களுக்குள் அடங்கிவிடும். முழுவதையும் மனனஞ் செய்தவனோ, ஒரு சொல் தவறினால் எல்லாவற்றையும் இழந்து நிற்பான். சபையில் உனக்குத் தெரிந்த ஒரு முகத்தைத் தேடி, அவரோடு பேசு. படவில்லையை மாற்றியதும் வாயை மூடிக்கொண்டு, மனத்துள் ஐந்து வரை எண்ணு. சபை படத்தைப் பார்க்கட்டும். இந்த மௌனம் பேசுபவனுக்கு ஒரு யுகம்போலத் தோன்றும். கேட்பவனுக்கோ அது மூச்சு வாங்கும் நேரம்.

இவற்றையெல்லாம் நான் வற்புறுத்துவதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு காரணம் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் அங்கேயே இருந்ததற்குப் போவதற்கு வேறு நிலமின்மையே முதற் காரணம்; சிறந்த பேச்சாளரால் மட்டும் அதனை மாற்றியிருக்க இயலாது. ஆனால் எச்சரிக்கை என்பது கோப்பிலுள்ள ஒரு சொல்லாக இராமல், லயத்து வாசலில் நிற்கும் தாய்க்கு விளங்கும் பொருளாக வேண்டும். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கவும் முடியும்.

இவ்வாண்டு உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி மண்சரிவு பற்றிப் பேச வந்தாள். முதற் படவில்லையில் ஓர் அட்டவணை: இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையெனில் மஞ்சள் எச்சரிக்கை, 100 எனில் செம்மஞ்சள், 150 எனில் சிவப்பு. எண்கள் யாவும் சரியே. "உன் அம்மாவுக்கு எழுபத்தைந்து மில்லிமீற்றர் எவ்வளவென்று தெரியுமா?" என்று கேட்டேன். சிறிது யோசித்தாள். மறுவாரம் அட்டவணை போய்விட்டது. திரையில் மூன்று பேணிகள் மட்டும் இருந்தன. ஒரே பருமனான, நேர்ச்சுவருள்ள தகரப் பேணிகள். ஒன்றில் மூன்று அங்குலத் தண்ணீர், அடுத்ததில் நான்கு, மூன்றாவதில் ஆறு. "நேற்றுக் காலையில் முற்றத்தில், கூரை நீர் விழாத இடத்தில் வைத்த பேணியில் இன்று காலை மூன்று அங்குலம் நின்றால் கண்விழித்திருங்கள். நான்கு நின்றால் பிள்ளைகளின் துணிமணிகளைக் கட்டி வையுங்கள். ஆறு நிற்கும்வரை காத்திராமல் வெளியேறுங்கள்" என்றாள். அடுத்த படத்தில் வெடிப்பு விழுந்த சுவர் ஒன்று. அதற்கு அடுத்ததில் புதிதாகக் கலங்கல் நீர் கசியும் மண்மேடு. இவற்றில் ஒன்றைக் கண்டால் பேணியைப் பார்க்கவே வேண்டாம், உடனே புறப்படுங்கள் என்றாள். அத்தோடு முடித்துவிட்டாள். ஏழு நிமிடங்கள்தாம்.

பின்வாங்கிலிருந்த பிள்ளையொன்று எழுந்து, "அக்கா, பேணி நிரம்புமுன் இருட்டிவிட்டால் யார் பார்ப்பது?" என்று கேட்டது. அவளுக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். இப்போது அவ்வகுப்பினர், லயத்துக்கு ஒருவர் வீதம் இரவில் யார் பேணியைப் பார்ப்பது என்று முறை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் தாய்மாரை அழைத்து அடுத்த மாதம் இதனைச் சொல்லப் போகிறார்கள். அங்கே திரையும் இல்லை, புரொஜெக்டரும் இல்லை. மூன்று பேணிகளை மேசையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவதாக உத்தேசம்.