மாதிரித் துண்டில் தொடங்கும் ஸ்வெட்டர்

வீட்டு நிட்டிங் மெஷின் மேஜை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கி வைக்கிற ஒரு நீண்ட கருவி. இதில் சக்கரம் கிடையாது, பெடல் கிடையாது, சாதாரண வகைக்கு மின்சாரமும் வேண்டாம். நெருக்கமாக அடுக்கிய ஊசிகள் ஒரு படுகையில் கிடக்கும். அவற்றின் மேல் கேரியேஜ் எனப்படும் பெட்டியைக் கையால் இடமிருந்து வலம் ஒருமுறை தள்ளினால் ஒரு வரிசை பின்னல் முடிந்துவிடும். கைப்பின்னலில் சில நிமிடங்கள் பிடிக்கும் வரிசை இங்கே ஓரிரு நொடிகளில் விழுகிறது. இந்த வேகத்தைப் பார்ப்பவர்கள் ஸ்வெட்டரும் அதே வேகத்தில் தானாக வந்துவிடும் என்று நம்புவதுண்டு. அது சரியல்ல. மெஷின் வரிசை போடும், அவ்வளவுதான். எத்தனை கண்ணி, எத்தனை வரிசை, எங்கே குறைப்பது, எங்கே கூட்டுவது எல்லாம் பின்னுபவர் கணக்கு. கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்தக் கணக்கே.

இயந்திரப் பின்னலின் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. நாட்டிங்காம்ஷயரின் கால்வர்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் சட்டத்தை உருவாக்கினார். அதன் ஊசிகளைக் கையாளுவது கடினம். லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்செண்ட் 1849-இல் காப்புரிமை பெற்ற நாக்கு ஊசி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அமெரிக்கரான ஐசக் லாம்ப் 1863-இல் தட்டைப் படுகை மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். இதை வீட்டுப் பொருளாகப் பரப்பியதில் ஜப்பானுக்குத் தனி இடம் உண்டு. அங்கே 1920-களில் ஹகிவாரா மாசா என்ற பெண் வீட்டுக்கான பின்னல் கருவியை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரதர், சில்வர் ரீட் போன்ற பெயர்களில் வந்த மெஷின்கள் உலகம் முழுக்கப் போயின. பிரதர் நிறுவனம் 1990-களின் இறுதியில் வீட்டு மெஷின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கற்பவர்கள் கையில் இருப்பவற்றில் பழைய மெஷின்களே அதிகம்.

எந்த மெஷின் என்பதை ஊசிகளுக்கு இடையிலுள்ள தூரம் முடிவு செய்கிறது. ஸ்டாண்டர்டு வகையில் இந்த இடைவெளி 4.5 மி.மீ., ஊசிகள் 200. மெல்லிய நூலுக்கு ஏற்றது இது. நடுத்தர வகையில் 6.5 மி.மீ. இடைவெளி; சில்வர் ரீட் எல்.கே.150 மாடலில் 150 ஊசிகள். கடைகளில் கைப்பின்னலுக்கென்று விற்கும் நடுத்தரத் தடிமன் நூல் இதில் ஓடும். தடித்த நூலுக்கான வகையில் இடைவெளி 9 மி.மீ. தடித்த நூலை 4.5 மி.மீ. மெஷினில் திணித்தால் கேரியேஜ் நடுவழியில் நின்றுவிடும். பலத்தைக் காட்டித் தள்ளினால் ஊசி வளையும். முதன்முதலாகக் கற்பவருக்கு 6.5 மி.மீ. மெஷின் நல்லது. கண்ணிகள் பெரியதாக இருப்பதால் பிழை கண்ணுக்குத் தெரியும், திருத்துவதும் எளிது.

ஒரு கண்ணி எப்படி உருவாகிறது என்பதை ஒரே ஒரு ஊசியைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஊசி முனையில் கொக்கி. கொக்கிக்குச் சற்றுப் பின்னால், மேலும் கீழும் ஆடுகிற ஒரு குட்டி நாக்கு. கொக்கிக்குள் பழைய கண்ணி தொங்குகிறது. ஊசி முன்னே போகும்போது அந்தக் கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு பின்னால் நழுவி ஊசித் தண்டில் நிற்கும். திறந்த கொக்கியில் புதிய நூல் விழும். ஊசி பின்வாங்கும்போது பழைய கண்ணி நாக்கைப் பின்னாலிருந்து தள்ளி மூடி, மூடிய கொக்கியின் மேல் ஏறி வெளியே விழுந்துவிடும். புதிய நூல் அதன் வழியாக இழுபட்டுப் புதுக் கண்ணியாகிறது. கேரியேஜின் அடிப்பக்கத்திலுள்ள தடங்கள் ஒவ்வொரு ஊசியின் காலையும் பிடித்து இதே ஆட்டத்தை வரிசையாக நடத்துகின்றன. ஊசி எவ்வளவு தூரம் பின்வாங்குகிறதோ அந்த அளவுக்குக் கண்ணி பெரிதாகும். கேரியேஜின் மேலுள்ள டென்ஷன் டயலில் 0 முதல் 10 வரை இருக்கிற எண்கள் அந்தத் தூரத்தைத்தான் மாற்றுகின்றன.

திருப்பூர் பனியன் துணியிலும் இதே கண்ணிதான். அங்கே ஊசிகள் வட்டமாக நின்று மின்விசையில் ஓடுகின்றன, துணி குழாயாக இறங்குகிறது, பிறகு வெட்டித் தைக்கிறார்கள். வீட்டு மெஷினில் முன்பாகம், பின்பாகம், கைகள் எல்லாம் அதனதன் வடிவத்திலேயே பின்னப்படுவதால் வெட்டிக் கழிக்க எதுவும் இருக்காது.

பழைய மெஷினை வாங்கியவர் நூல் மாட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஊசிப் படுகையின் குறுக்கே ஒரு மெல்லிய உலோகப் பட்டை ஓடும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச்தான் ஊசிகளை அமுக்கிப் பிடித்து வைக்கிறது. ஆண்டுகள் போகப் போக இந்த ஸ்பாஞ்ச் நசுங்கி, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். அப்போது ஊசிகள் தூக்கிக்கொண்டு கேரியேஜில் மோதும், கண்ணிகள் விழும். மெஷின் கெட்டுவிட்டது என்று ஓரங்கட்டப்பட்ட எத்தனையோ மெஷின்களின் நோய் இதுவே. பட்டையை உருவி ஸ்பாஞ்சை மாற்றி, ஊசிகளைத் துடைத்து, நாக்கு தடையின்றி ஆடுகிறதா என்று பார்த்து, கேரியேஜின் தடங்களில் துளி எண்ணெய் விட்டால் பழைய மெஷின் மறுபடி ஓடும்.

நூலும் தடையில்லாமல் ஓட வேண்டும். கடையில் வாங்கிய உருண்டையை அப்படியே வைத்தால் நூல் திடீரென இறுகி இழுக்கும். இழுத்த இடத்தில் ஓரக் கண்ணிகள் சுருங்கும். கோனில் சுற்றிய நூல் சிறந்தது. இல்லாவிட்டால் உருண்டையை வைண்டரில் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். சொரசொரப்பான நூலில் சுற்றும்போதே மெழுகைத் தொட்டுவிடும் பழக்கமும் உண்டு.

இனி மாதிரித் துண்டு. அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் கட்டம் இது. அவர்கள் ஸ்வெட்டரைக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். 60 ஊசிகளில் நூலை ஏற்றி, பயன்படுத்தப் போகும் அதே நூலில், அதே டயல் எண்ணில் பின்ன வேண்டும். நடுவிலுள்ள 40 கண்ணிகளின் இரு எல்லையிலும் வேறு நிற நூலால் அடையாளம் வைப்பார்கள். 60 வரிசைக்கு மேலும் கீழும் வேறு நிறத்தில் ஒரு கோடு போடுவார்கள். துண்டை மெஷினில் தொங்கும்போதே அளக்கக் கூடாது. எடைக்கற்கள் கீழே இழுப்பதால் அது நீண்டும் குறுகியும் இருக்கும். எடுத்து, துவைத்து, காயவைத்து, ஓய்வாகக் கிடந்த பிறகே அளக்க வேண்டும். 40 கண்ணி 14.3 செ.மீ., 60 வரிசை 15 செ.மீ. வந்தால், 10 செ.மீ.க்கு 28 கண்ணியும் 40 வரிசையும் என்று பொருள். இதைத்தான் கேஜ் என்கிறார்கள்.

மார்பளவு 92 செ.மீ. உள்ளவருக்கு 8 செ.மீ. தளர்ச்சி சேர்த்து 100 செ.மீ. சுற்றளவில் ஸ்வெட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முன்பாகம் 50 செ.மீ., பின்பாகம் 50 செ.மீ. அதற்கு 140 கண்ணி. தையலுக்குள் போகும் 2 கண்ணியைச் சேர்த்தால் 142. கேஜ் 28-க்குப் பதில் உண்மையில் 26 என்றிருந்தால் அதே 140 கண்ணி ஒவ்வொரு பாகத்திலும் ஏறத்தாழ 54 செ.மீ. ஆகிவிடும். சுற்றளவில் கிட்டத்தட்ட 8 செ.மீ. தொளதொளப்பு. இரண்டே கண்ணி வித்தியாசம் ஒரு சைஸையே மாற்றிவிடுகிறது.

முதல் ஸ்வெட்டருக்குத் தோளிறங்கிய அமைப்பு ஏற்றது. அதில் கைக்குழியை வளைக்க வேண்டாம். உடல் பாகம் நேரான செவ்வகம். மொத்த உயரம் 62 செ.மீ. என்றால் அடிப்பட்டை 6 செ.மீ. போக 56 செ.மீ., அதாவது 224 வரிசை. தோளிலிருந்து 22 செ.மீ. கீழே, 136-ஆம் வரிசையில், இரு ஓரத்திலும் நூல் அடையாளம் கட்டிவிட்டால் கை பொருந்தும் இடம் தெரிந்துவிடும்.

ஒற்றைப் படுகை மெஷினில் உண்மையான ரிப் வராது. அதற்கு ரிப்பர் என்ற இரண்டாவது படுகை வேண்டும். அது இல்லாதவர்கள் போலி ரிப் போடுவார்கள். மூன்றில் ஒரு ஊசியைப் பின்னுக்குத் தள்ளி வேலையிலிருந்து விலக்கிவிட்டு 12 செ.மீ. பின்னி, தொடக்க வரிசையின் கண்ணிகளை மறுபடி ஊசிகளில் மாட்டினால் 6 செ.மீ. மடிப்புப் பட்டை கிடைக்கும். இழுவை உண்மையான ரிப் அளவுக்கு இருக்காது, பார்வைக்குக் குறையில்லை. பட்டை முடிந்ததும் விலக்கிய ஊசிகளையும் வேலைக்குக் கொண்டுவந்து டயலை மாதிரித் துண்டின் எண்ணுக்குத் திருப்பினால், உடல் பாகம் சடசடவென்று இறங்கும். இந்த நேரத்தில் கண்கள் ஓரத்தில் இருக்க வேண்டும். துணி நீள நீள, அதில் மாட்டித் தொங்கும் நகம் போன்ற பற்கள் உள்ள எடைகளை மேலே ஏற்றி மாட்டாவிட்டால், ஓர ஊசிகளில் பழைய கண்ணி விழாமல் இரண்டு நூலும் கொக்கியிலேயே குவிந்துவிடும்.

பின்னுபவர் முகத்துக்கு எதிரே இருப்பது துணியின் உள்பக்கம். நல்ல பக்கம் மெஷினைப் பார்த்திருக்கும். அதனால் நடுவில் ஒரு கண்ணி விழுந்தால் சில வரிசை தாண்டித்தான் தெரியும். அதற்குள் அந்த இடத்தில் குறுக்கு நூல்கள் ஏணிப்படிகளைப் போலத் தெரியத் தொடங்கியிருக்கும். பயந்து பிரிக்க வேண்டியதில்லை. நாக்குக் கருவியைத் துணிக்குப் பின்னாலிருந்து விட்டு, விழுந்த கண்ணியைப் பிடித்து, ஒவ்வொரு குறுக்கு நூலாகக் கொக்கியில் இழுத்து மேலேறினால் கண்ணி தன் ஊசிக்கே திரும்பிவிடும். கற்பவர்கள் மாதிரித் துண்டில் வேண்டுமென்றே ஒரு கண்ணியை விழவிட்டு, மேலே கொண்டுவந்து பழகுவது பெரிய தைரியம் தரும்.

கழுத்துக்கு வரும்போது மெஷினின் ஹோல்டு நிலை உதவுகிறது. ஊசியை முழுக்க முன்னே இழுத்து, கேரியேஜில் அதற்கான நெம்புகோலைத் திருப்பினால், அந்த ஊசிகளைத் தொடாமல் கேரியேஜ் கடந்து போகும். கழுத்தகலம் 18 செ.மீ. என்றால் 50 கண்ணி. மீதியில் தோளுக்குப் பக்கத்துக்கு 46 கண்ணி. முன்பாகத்தில் கடைசி 32 வரிசைக்கு முன்பே நடு 20 கண்ணிகளை அடைத்து, ஒரு பாதியை ஹோல்டில் வைத்துவிட்டு, மறுபாதியில் இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி வீதம் 15 கண்ணி குறைக்க வேண்டும். ஓரக் கண்ணியை மட்டும் பக்கத்து ஊசிக்கு மாற்றிக் குறைத்தால் விளிம்பு கரடுமுரடாகும். மூன்று கண் உள்ள மாற்றுக் கருவியால் ஓரத்து மூன்று கண்ணிகளையும் ஒன்றாகத் தூக்கி ஒரு ஊசி உள்ளே வைத்தால், இரட்டைக் கண்ணி விளிம்பிலிருந்து தள்ளி விழும். ஓரம் ஒழுங்காக ஓடும், தைப்பதும் சுலபம். நல்ல ஸ்வெட்டருக்கும் அவசர ஸ்வெட்டருக்கும் உள்ள வேறுபாடு இந்த ஓரத்தில் தெரிந்துவிடும்.

கை மணிக்கட்டில் 24 செ.மீ., அதாவது 68 கண்ணியில் தொடங்கி, மேலே 44 செ.மீ.க்கு 124 கண்ணியில் முடிய வேண்டும். கூட்ட வேண்டியது 56, பக்கத்துக்கு 28. பட்டை போகக் கையின் நீளம் 43 செ.மீ., 172 வரிசை. ஆகவே 6 வரிசைக்கு ஒருமுறை இருபுறமும் ஒவ்வொரு கண்ணி கூட்டினால் 168 வரிசையில் முடியும். மீதி 4 வரிசை நேராகப் போகும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மெஷினிலுள்ள ரோ கவுண்டர் வரிசைகளை எண்ணும். எந்த எண்ணில் என்ன செய்வது என்று அது சொல்லாது.

பூ வேலைப்பாடு பிறகு வரட்டும். ஸ்டாண்டர்டு மெஷின்களில் 24 கண்ணி அகலப் பஞ்ச் கார்டு எந்த ஊசிக்கு எந்த நிறம் என்று தேர்ந்தெடுக்கும். பிரதரின் பழைய மின்னணு மாடல்களுக்குள் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை வைத்துக் கணினிப் படத்தையே பின்ன வைக்கும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள்.

தோள்களை இணைக்க மெஷினே உதவும். முன்பின் பாகங்களின் நல்ல பக்கங்களை ஒன்றையொன்று பார்க்க வைத்து, இரு தோள் கண்ணிகளையும் ஒரே ஊசிகளில் மாட்டி, தளர்வாக ஒரு வரிசை பின்னி அடைத்தால் போதும். கழுத்துப் பட்டையையும் விளிம்புக் கண்ணிகளை மெஷினில் எடுத்துப் பின்னலாம். பக்கத் தையலைக் கையால் போட வேண்டும். இரு விளிம்பிலும் ஒரு கண்ணி உள்ளே உள்ள குறுக்கு நூலை மாறி மாறி எடுத்து இழுக்கிற தையலில் இணைப்பே தெரியாது. ஒருவர் பாகங்களை ஒரு மாலைக்குள் பின்னி முடித்துவிடலாம். இணைத்து முடிக்க அதைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கடைசியில் வெதுவெதுப்பான நீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, அளவுக்குப் பரப்பிக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் நீண்டுவிடும். கம்பளி நூலுக்கு நீராவி காட்டலாம். அக்ரிலிக் நூலின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அது நெகிழ்ந்து துவண்டுவிடும், மறுபடி மீளாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் ஒரு குழந்தைக்கு, ஒரே நிறத்தில், தோளிறங்கிய ஸ்வெட்டரைப் பின்னிப் பாருங்கள். நூல் குறைவு, வரிசைகள் குறைவு, எல்லாப் படிகளும் அதில் உண்டு. மாதிரித் துண்டைத் துவைத்து அளந்த பிறகே கண்ணி ஏற்றுங்கள்.